பன்னிரண்டு கை, இரண்டு அங்குலம்

வார்த்தைக்கு நாற்பது பென்ஸ்.
புதன் மதியத்துக்குள் ட்ரெகாரனில்
வார இதழ்க்காரரிடம் போய்ச் சேர வேண்டும்.
ரொட்டித் துகளை ஒதுக்கிவிட்டு
அடுப்படி மேசையில் உட்கார்ந்தேன், இரண்டாம் முறையாக.

முதல் விளம்பரம் நான் தனியாக எழுதியது:
‘அழகிய வெல்ஷ் மட்டக்குதிரை. சாந்த குணம்.
குழந்தைகளுக்கு ஏற்றது. நல்ல இடம் முக்கியம்.’
இரண்டு வாரம் ஓடியது.
ஒரே ஒருத்தி அழைத்தாள், அவளும்
அடுத்த கட்டத்துக் குளிர்பெட்டிக்காக.

ஹெலெத் வாசித்துவிட்டுச் சிரித்தாள்.
“அம்மா, இது பூக்கா இல்லை.
இது யாருடைய குதிரையும் இல்லை.”
பதினாறு வயது, சிவப்புப் பேனா, இரக்கம் கிடையாது.
‘அழகிய’ போயிற்று. ‘சாந்த’ போயிற்று.
எண்பது பென்ஸ் மிச்சம்.

பூக்கா என்றால் எங்கள் மொழியில் குட்டிச்சாத்தான்.
பெயர் வைத்தபோது அவளுக்கு ஏழு, அதற்கு ஆறு.
வந்த அன்றே எங்கள் இருவரையும்
ஒருவர் பின் ஒருவராகக்
கோரைச் சேற்றில் உட்காரவைத்திருந்தது.

உயரம்: பன்னிரண்டு கை, இரண்டு அங்குலம்.
குளம்பிலிருந்து தோள்மேடு வரை
கைமேல் கையாகத்தான் குதிரையை அளக்கிறோம் இங்கே.
அதே கையால் கைவிடவும் வேண்டியிருக்கிறது
என்று ஒரு வரி வந்தது.
நான்கு வார்த்தை, ஒரு பவுண்டு அறுபது.
எழுதவில்லை.

குறைகளை எழுது என்றாள்.
“காசு கொடுத்து எவனாவது குறையை அச்சடிப்பானா?”
பூட்ஸைக் கழற்றியபடி இத்வால்.
“குறையே இல்லாத குதிரை குதிரைக்கொம்பு, அப்பா.
அதை யார் நம்பி வாங்குவார்கள்?”
எழுதினோம்.

கதவுத் தாழைத் திறக்கும்; கயிறு கட்டவும்.
தீவன உருளையின் கறுப்புப் பிளாஸ்டிக்கைக் கண்டால்
பக்கவாட்டில் பாயும், காற்றடித்தால் இரண்டு மடங்கு.
லாடத்துக்கு முன்னங்கால் தரும்,
பின்னங்காலுக்கு மிட்டாய் கேட்கும்.
கீழே தள்ளியதுண்டு.
குழி பறித்ததில்லை.
வண்டியில் ஏற்றச் சீட்டியடிக்க வேண்டும்.

படத்துக்குச் சமதரை தேவை, வால் கழுவியிருக்க வேண்டும்,
பின்னால் இத்வாலின் உள்ளாடைக் கொடி தெரியக் கூடாது.
ஓட்ஸ் வாளியை ஆட்டினேன், காதைத் தூக்கவில்லை.
ஹெலெத் கூப்பிட்டாள், அதற்கும் தூக்கவில்லை.
நாலு மணிக்குத் திருப்பத்தில் பள்ளிப் பேருந்து முனகியது;
இரண்டு காதும் முன்னால் வந்து நின்றன.
அதில் அவள் வந்து ஒரு வருஷமாகிறது,
கார்மார்தன் கல்லூரிக்கு வேறு வழி, வேறு ரயில்.
அந்தப் படத்தைத்தான் அனுப்பினோம்.

விற்கக் காரணம். எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான்.
பிள்ளை வளர்ந்துவிட்டாள், என்று எழுதினேன்.
ஏறி உட்கார்ந்தால் அவள் கால்
அதன் வயிற்றுக்குக் கீழே பொய்க்கால்போல் தொங்குகிறது,
பொய்யில்லை.
வைக்கோல் விலையும் ஒரு காரணம்;
அதை இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.
சிவப்புப் பேனா அந்த வரியில் மட்டும்
மூடியே இருந்தது.

விலை ஆயிரத்து எண்ணூறு.
‘பேரத்துக்கு இடமுண்டு’ என்று இத்வால் சேர்த்ததை
நான் அடித்தேன்.

சனி இரவு மணியடித்தது.
பில்த் பக்கத்து ஆள், பெயர் கெட்வின்.
வயது கேட்கவில்லை, பல் கேட்கவில்லை.
“என்ன சீட்டி?” என்றார்.
பக்கத்தில் ஒரு சின்ன மூச்சும் கேட்டது,
ஒலிவாங்கியை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

உதட்டை நனைத்துக்கொண்டு அடித்துக் காட்டினேன்:
குட்டையாக இரண்டு, நெட்டையாக ஒன்று.
அந்தச் சின்ன வாய் திருப்பி அடித்துப் பார்த்தது.
காற்றுத்தான் வந்தது.
இன்னொரு முறை அடித்தேன், மெதுவாக.

வெளியே, இருட்டில்,
இன்று கயிறு கட்ட மறந்த கதவில்
தாழ் நகரும் சத்தம்.